பிம் சாஃப்ட்வேர் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

கட்டடத்தை வெறும் கோடாக வரையாமல் சுவர், பீம், பைப் எல்லாவற்றையும் அளவும் விவரமும் சேர்த்து மாடலாகவே உருவாக்குவதுதான் பிம். சொல்லிக்கொடுக்க வகுப்புகள் ஏராளம். ஆனால் பதினைந்து பேர் இருக்கும் ஆபீசில் அதை நிலைக்க வைப்பதுதான் கஷ்டம்: லைசென்ஸ் வாங்கி, இரண்டு பேரைப் பயிற்சிக்கு அனுப்பி, ஆறு மாதத்தில் எல்லோரும் பழையபடி கோடு வரையும் ஆட்டோகேடில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில், உங்களிடம் மாடலைக் கேட்கப் போவது யார் என்று பாருங்கள். சிங்கப்பூரில் 2010-லேயே பயிற்சிக்கும் கணினிக்கும் நிதி உதவி கொடுத்துவிட்டு, 2013 ஜூலையில் 20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களின் ஆர்க்கிடெக்ட் பிளான் மாடலாகத்தான் வரவேண்டும் என்றார்கள், 2015 ஜூலைக்குள் அது 5,000 சதுர மீட்டருக்கு இறங்கி, ஸ்ட்ரக்சர், எம்இபி (ஏசி, மின்சாரம், பிளம்பிங்) வேலைகளையும் சேர்த்துக்கொண்டது. பிரிட்டன் அரசு 2011-ல் அறிவித்து, தன் திட்டங்களுக்கு 2016 ஏப்ரலில் கட்டாயமாக்கியது. இரண்டு இடத்திலும் கேட்டவர் அனுமதி கொடுப்பவர், அல்லது பணம் கொடுப்பவர். நம் ஊர்ச் சின்னக் கட்டடங்களுக்கு அப்படிக் கேட்க ஆள் இல்லை, அதனால் சைட்டில் வலிக்கிற ஒரு இடத்தை நீங்களே தேடிப் பிடிக்க வேண்டும்.

நான் சொல்வது பைப்புகள் மேலும் கீழும் போகும் டாய்லெட் ஷாஃப்ட், இல்லையென்றால் ஏசி டக்ட் போகும் காரிடார். ஒரு வேலையில் டிரெய்ன் பைப் நுழைய காங்கிரீட் போடும் முன்பே வைக்கவேண்டிய ஸ்லீவை விட மறந்து, காங்கிரீட் போட்ட பீமில் கோர் அடித்துத் துளை போடப் போனார்கள், ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் வந்து நிறுத்தினார், அந்தத் தளம் அப்படியே நின்றது. அந்த ஒரு தளத்தை மட்டும் மாடல் செய்திருந்தால் பைப்பும் பீமும் மோதுவது திரையிலேயே தெரிந்திருக்கும். முழுக் கட்டடமும் வேண்டாம், கதவுக் கைப்பிடியெல்லாம் வேண்டவே வேண்டாம்.

புதிதாகச் சேர்ந்த பையனிடம் மட்டும் இதை ஒப்படைக்காதீர்கள். சாஃப்ட்வேர் அவனுக்கு ஒரு வாரத்தில் வந்துவிடும், ஆனால் டக்ட்டுக்கு மேல் இன்சுலேஷனுக்கு எவ்வளவு இடம் விடவேண்டும் என்பது இருபது வருஷம் வரைந்த டிராஃப்ட்ஸ்மேனுக்குத்தான் தெரியும். இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள். முதல் வேலை கண்டிப்பாக மெதுவாகத்தான் போகும், அதனால் அவசர டெண்டரில் இதைத் தொடங்காதீர்கள்.

கன்சல்டன்ட்டுகள் வேறு வேறு சாஃப்ட்வேர் வைத்திருப்பார்கள். சரி, இருக்கட்டும், எந்த பிம் சாஃப்ட்வேரும் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவமான ஐஎஃப்சி ஃபைலாகக் கேளுங்கள். ஆனால் எல்லோருக்கும் ஆரிஜின் பாயின்ட்டும் (அளவுகள் தொடங்கும் புள்ளி) தள லெவலும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதை முதல் நாளே எழுதி அனுப்பிவிடுங்கள், இல்லையென்றால் பைப் ஒரு பக்கம், கட்டடம் ஒரு பக்கம் நிற்கும்.

அப்புறம் ஃபோர்மேன். வாரம் ஒரு முறை அவரைத் திரை முன் கூப்பிட்டு மோதல்களைக் காட்டி, எது நகர வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், முடிவான இடத்தை வெட்டிக் காட்டும் செக்‌ஷனைப் பிரின்ட் எடுத்துக் கையில் கொடுங்கள். அடுத்த தளத்துக்கும் அந்தத் தாளை அவரே கேட்டு வந்தால், இரண்டாவது லைசென்ஸ் வாங்கலாம்.