எங்கடீன் பள்ளத்தாக்கில் கிராவல் பைக்: மேட்டைப் பார்க்காதீர்கள், காற்றைப் பாருங்கள்

கிராவல் ரோடு என்றதும் நமக்கு ஞாபகம் வருவது லாரியில் கொட்டி ரோலர் ஓட்டிய செம்மண் ரோடு. சுவிட்சர்லாந்தின் எங்கடீன் பள்ளத்தாக்கில் அது வேறு மாதிரி. சாம்பல் நிறப் பொடிச்சல்லியைக் கெட்டியாக அழுத்தி, ஏரிக்கரையிலும் காட்டுக்குள்ளும் போட்டிருக்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து 1,800 மீட்டர் உயரம், சுற்றிலும் பனிமலை, ஆனால் பள்ளத்தாக்கின் அடிப்பகுதி மட்டும் ஏறக்குறைய தட்டை. கிராவல் பைக் (இப்படிப்பட்ட சல்லிப் பாதைக்காக அகலமான டயர் போட்ட சைக்கிள்) பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. ஆனாலும் முதல் தடவை போனபோது நான் திணறிப்போனேன். அதனால்தான் இந்தப் பதிவு.

படி 1: டயரும் காற்றழுத்தமும்

சைக்கிள் வாங்குவது, ஹெல்மெட், சீட் உயரம் எல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். டயர் மட்டும் 40 மி.மீ. அகலத்துக்குக் குறையக் கூடாது. ரோடு பைக் ஓட்டிய பழக்கத்தில் நான் 55 பி.எஸ்.ஐ. அடித்துக்கொண்டு போனேன். அரை மணி நேரத்தில் இரண்டு உள்ளங்கையும் மரத்துப்போயின. இப்போது 72 கிலோ எடைக்கு ட்யூப்லெஸ் டயரில் முன்னால் 30, பின்னால் 33 வைக்கிறேன். ட்யூப் போட்ட டயர் என்றால் நாலைந்து கூட்டிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் கல்லில் இடித்து ட்யூப் கிழியும். காஸ் குப்பி வைத்துக் காற்றடிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு குப்பி வீணானால் அடுத்து என்ன செய்வது? கைப்பம்ப் போதும்.

படி 2: வரைபடம்

சுவிஸ் அரசின் சுவிஸ்டோப்போ செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், இலவசம். வழி போட்டுக்கொடுக்கும் மற்ற செயலிகள் 'கிராவல்' என்று சொல்லிவிட்டு நம்மை வேர் பின்னிய ஒற்றையடிப் பாதையில் கொண்டுபோய் விட்டுவிடும். சுவிஸ்டோப்போவில் பகுதியைப் பெரிதாக்கிப் பாருங்கள். விட்டுவிட்டு வரும் ஒற்றைக் கோடு நடைபாதை. ஆரம்பத்தில் அதைத் தவிருங்கள். களத்தில் சைக்கிள் படம் போட்ட சிவப்புப் பலகை உங்களுக்கு, மஞ்சள் பலகை நடப்பவர்களுக்கு.

படி 3: திசையும் நேரமும் (நான் மாட்டிக்கொண்டது இங்கேதான்)

செயின்ட் மோரிட்ஸ் ஏரி 1,768 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் மேல் முனையில் இருக்கும் மலோயா 1,815 மீட்டர். ஏறத்தாழ 17 கி.மீ. தூரத்துக்கு வெறும் 47 மீட்டர் ஏற்றம். 'இது ஒரு ஏற்றமா?' என்று ஜூலை மாத வெயில் நாளில், சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்குக் கிளம்பினேன்.

சில்வாபிளானா ஏரிக்கரைக்கு வந்ததும் முகத்தில் அறைந்தது காற்று. கையை மடக்கிக் குனிந்து, இருப்பதிலேயே லேசான கியரில் மிதித்தாலும் வண்டி நடை வேகத்தில்தான் நகர்ந்தது. ஏரி முழுக்கப் பாய்மரம் கட்டிய சறுக்குப் பலகைகள் பறந்துகொண்டிருந்தன. அந்தக் காற்றுக்காகவே ஆட்கள் ஊர் ஊராகத் தேடி வரும் ஏரி அது என்று அப்புறம்தான் தெரிந்தது. மலோயா போய்ச் சேர இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

பொதுவாக மலைப் பள்ளத்தாக்குகளில் பகலில் காற்று கீழிருந்து மேலே ஏறும். அந்தக் கணக்குப்படி எனக்கு முதுகுக்குப் பின்னால் அடித்திருக்க வேண்டும். எங்கடீனில் தலைகீழ். மலோயாவில் பள்ளத்தாக்கை மூடும் மலைச்சுவர் கிடையாது. அந்தப் பக்கம் தரை சடாரென்று பெர்கெல் பள்ளத்தாக்குக்குள் இறங்கிவிடுகிறது. வெயில் ஏற ஏற பெர்கெலில் சூடான காற்று மேலே வந்து, மலோயா வாசலைத் தாண்டி இந்தப் பக்கம் வழிகிறது. மலோயா காற்று என்றே இதற்குப் பெயர். தெளிவான கோடை நாளில் காலை பதினொன்று, பன்னிரண்டு மணி வாக்கில் எழுந்து மாலையில்தான் அடங்கும்.

ஆகவே செய்ய வேண்டியது இவ்வளவுதான்: காலை எட்டு மணிக்குள் செயின்ட் மோரிட்ஸில் கிளம்புங்கள். ஏரி கண்ணாடி மாதிரி அசையாமல் இருக்கும்போதே மலோயாவுக்குப் போய்விடுங்கள். அங்கே காபி குடித்துவிட்டு, கடைப் பக்கத்தில் ஏதாவது கொடி படபடக்க ஆரம்பித்ததும் திரும்புங்கள். காற்றே தள்ளிக்கொண்டு வரும்.

படி 4: வழி

செயின்ட் மோரிட்ஸிலிருந்து ஷாம்ஃபேர், சுர்லெய், அங்கிருந்து சில்வாபிளானா ஏரியின் தென்கரை வழியாகச் சில்ஸ். தென்கரைதான் முக்கியம், வடகரையில் கார்கள் பறக்கும் மெயின் ரோடு. சில்ஸ் தாண்டினால் ஈசோலா என்ற சின்னஞ்சிறு ஊர், கொஞ்சம் கல் வீடுகள், அவ்வளவுதான். சில்ஸுக்கும் ஈசோலாவுக்கும் நடுவே பாதை குறுகும், நடப்பவர்களும் வருவார்கள். இரண்டு இடத்தில் நான் இறங்கித் தள்ளினேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஈசோலாவிலிருந்து மலோயா வரை மறுபடி நல்ல கிராவல்.

வழியில் மாட்டு வேலி வரும். பாதைக்குக் குறுக்கே கட்டிய கம்பியில் மின்சாரம் ஓடும். பிளாஸ்டிக் பிடியைப் பிடித்துக் கழற்றி, வண்டியைத் தாண்டவைத்துவிட்டு, திரும்ப மாட்டிவிட வேண்டும். ஒரு கையில் பிடியும் மறு கையில் வண்டியுமாக நின்றபோது ஹேண்டில்பார் கம்பியில் பட்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் தோள் வரை சுரீரென்றது. முதலில் வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு அப்புறம் கம்பியைத் தொடுங்கள். எதிரே வருபவர்கள் 'அலெக்ரா' என்பார்கள். ரொமான்ஷ் மொழியில் வணக்கம். திருப்பிச் சொன்னால் முகம் மலரும்.

மறுநாளும் காலில் தெம்பு இருந்தால் போன்ட்ரெசினா ரயில் நிலையத்திலிருந்து ரோசெக் பள்ளத்தாக்குக்குள் போங்கள். ஏறத்தாழ 7 கி.மீ., 200 மீட்டர் சொச்சம் ஏற்றம், முழுக்க கிராவல். குதிரை வண்டிகள் வரும். மணி அடிக்காமல் ஓரமாக இறங்கி நின்று வழிவிடுங்கள். ஒன்று மட்டும்: கீழே செர்னெஸ் பக்கம் 1914இல் தொடங்கிய தேசியப் பூங்கா இருக்கிறது. அதன் பாதைகளில் சைக்கிளுக்கு அனுமதி இல்லை. வரைபடத்தில் பாதை அழகாகத் தெரிகிறதே என்று நுழைந்துவிடாதீர்கள்.

பிற்சேர்க்கை

இதைப் படித்துவிட்டுப் போய்வந்த ஒருவர், 'காற்றே வரவில்லையே' என்று எழுதியிருந்தார். விசாரித்தால் அன்று காலையிலிருந்தே மேகமூட்டம். வெயில் இல்லாவிட்டால் அந்தக் காற்றும் இல்லை. அப்படிப்பட்ட நாளில் எப்போது வேண்டுமானாலும் கிளம்பலாம்.

இன்னொருவர் திரும்பி வரும்போது சில்ஸ் தாண்டிய வளைவில் சறுக்கி விழுந்து முழங்கை சிராய்த்துக்கொண்டார். இதை நான் எழுதாமல் விட்டது தப்பு. பின்காற்றில் காதில் இரைச்சலே இருக்காது, அதனால் வேகமும் தெரியாது. 20 என்று நினைப்போம், மீட்டரில் 32 காட்டும். பொடிச்சல்லியில் வளைவுக்குள் போனபிறகு முன் பிரேக்கைப் பிடித்தால் சக்கரம் வழுக்கும். வளைவுக்கு முன்பே, நேராக இருக்கும்போதே, இரண்டு பிரேக்கையும் மெல்லப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிடுங்கள்.

மலோயா வரை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போகலாமா என்றும் கேட்கிறார்கள். ரயில் மலோயாவுக்குக் கிடையாது. பஸ்ஸில் சைக்கிளுக்கு இடம் கொஞ்சம்தான், நாலு பேராகப் போனால் நம்ப முடியாது. எட்டு மணிக்கு மிதித்துக்கொண்டு போவதே மேல்.