குழாய், ஃபில்டர், கேன்: டெல்டா வீடுகளில் குடிதண்ணீரில் நடக்கும் தவறுகள்

கும்பகோணம், மன்னார்குடி பக்கம் புது வீட்டில் பால் காய்ச்சிய கையோடு, தண்ணீரைச் சவ்வு வழியாக அழுத்தி உப்பைப் பிரிக்கும் ஆர்ஓ மெஷினும் வாங்கிவிடுகிறார்கள். வீட்டுக்கு வருவது என்ன தண்ணீர் என்று பார்ப்பதில்லை. ஒரு காலத்தில் நாங்கள் செய்த அதே தவறு. குடத்தை மூடி வை, கையைக் கழுவு என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை இங்கே சொல்லவில்லை.

கம்பி டெமோவை நம்பி ஆர்ஓ வாங்குவது

விற்க வருகிறவர் இரண்டு கண்ணாடி டம்ளர் கேட்பார். ஒன்றில் உங்கள் குழாய்த் தண்ணீர், மற்றதில் அவர் கொண்டுவந்த ஆர்ஓ தண்ணீர். கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி கரண்ட் கொடுப்பார். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி, கரும்பச்சையாகக் கசடு மிதக்கும். ஆர்ஓ டம்ளர் தெளிவாகவே நிற்கும். "இதையா பிள்ளைங்களுக்குக் கொடுக்குறீங்க?" என்று கேட்டதும் வீட்டில் எல்லோரும் பயந்துவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் பணம் போகிறது.

அந்த அழுக்கு தண்ணீரில் இருந்ததே இல்லை. கம்பிகளில் ஒன்று இரும்பு. உப்புகள் கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும். பாய்ந்தால் இரும்பு கரைந்து துருவாகிறது. ஆர்ஓ தண்ணீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் கம்பி கரைவதில்லை. அந்தத் தெளிந்த டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, மறுபடி கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும். இத்தனை வருஷமாகியும் இந்த வித்தை எடுபடுவதைப் பார்த்தால் எரிச்சல்தான் வருகிறது.

முதலில், கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரைக் குழாய்த் தண்ணீரில் வையுங்கள். குடிதண்ணீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500-ன்படி லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு ஆதாரம் இல்லாத ஊரில் 2000 வரை அனுமதி. கொள்ளிடத் தண்ணீர் குழாயில் வந்து, மீட்டர் 500-க்குள் காட்டினால் உப்புக்காக ஆர்ஓ வாங்க வேண்டியதில்லை. வண்டல் ஃபில்டர், கார்பன் ஃபில்டர், கிருமியைக் கொல்லும் யூவி (புற ஊதா ஒளி) விளக்கு மூன்றும் உள்ள மெஷின் போதும். ஆர்ஓவில் ஒரு லிட்டர் கிடைக்க இரண்டு, மூன்று லிட்டர் கழிவாக ஓடும். வேதாரண்யம், நாகை கடலோரத்தில் போர் தண்ணீர் கரிக்கிறது என்றால் அங்கே ஆர்ஓ அவசியம்தான்.

மீட்டரில் எண் குறைந்தால் சுத்தம் என்று நினைப்பது

மீட்டருக்குக் கிருமி தெரியாது. 80 காட்டும் தண்ணீரிலும் வயிற்றுப்போக்கு வரலாம்.

பிடித்த தண்ணீரை நாள்கணக்கில் வைப்பது

குழாய்த் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிஞ்சியிருக்க வேண்டும். வழியில் கிருமி சேராமல் காப்பது அதுதான். கார்பன் அதை எடுத்துவிடுகிறது. அதனால் ஃபில்டர் தண்ணீரை அன்றன்றைக்கே குடித்து முடியுங்கள். ஊருக்குப் போய்த் திரும்பினால் மெஷின் டேங்கில் நின்ற தண்ணீர் முழுவதையும் திறந்துவிட்டு, புதிதாகப் பிடியுங்கள்.

கலங்கல் தண்ணீரை யூவிக்கு விடுவது

ஐப்பசி, கார்த்திகை மழையில் குழாய் உடைந்தால் தண்ணீர் கலங்கலாக வரும். மண் துகளுக்குப் பின்னால் இருக்கும் கிருமி மேல் ஒளி படாது. தெளிய வைத்து, மேல் தண்ணீரை வடித்து ஊற்றுங்கள்.

கேன் எல்லாம் மினரல் வாட்டர் என்று நம்புவது

20 லிட்டர் கேனில் வருவது பெரும்பாலும் போர் தண்ணீரை ஆர்ஓவில் விட்டதுதான். சீல் உடையாமல் இருக்கிறதா, தயாரித்த தேதி இருக்கிறதா, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணைய) உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். லாரியில் வெயில் காய்ந்த கேனை வாங்க வேண்டாம். டிஸ்பென்சர் குழாயின் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். வழவழப்பாக இருந்தால் அன்றே கழற்றித் தேய்த்துக் கழுவ வேண்டும்.

உப்பு போகக் கொதிக்க வைப்பது

போகாது. கிருமிதான் சாகும், தண்ணீர் வற்ற வற்ற உப்பு கூடும்.