பெரிய அறுவை சிகிச்சைக்கு முன் உடலைத் தேற்றுவது எப்படி? கொடைக்கானல் வாசிகளுக்கு ஒரு செய்முறை

வயிற்றிலோ நெஞ்சிலோ பெரிய அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டால், அதுவரை நோயாளியை அசையவிடாமல் படுக்க வைப்பது நம் வீடுகளின் வழக்கம். இடையில் கிடைக்கும் நான்கு முதல் ஆறு வாரங்களும் சிகிச்சையைச் சேர்ந்தவை. ப்ரீஹேபிலிடேஷன் எனப்படும் இந்த முன்தயாரிப்பை, மதுரையில் என் அப்பாவுக்கு நடந்த குடல் அறுவை சிகிச்சைக்கு முன் வீட்டிலேயே செய்தோம். அந்த வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

1. அனுமதி. அறுவை சிகிச்சை நிபுணரிடமும் மயக்க மருந்து கொடுக்கும் மருத்துவரிடமும் "எவ்வளவு நடக்கலாம், எதைச் செய்யக்கூடாது?" என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நெஞ்சுவலி, இதய வால்வுக் கோளாறு, குடல் அடைப்பு, இரத்தக்கசிவு உள்ளவர்கள் அவர்கள் சொல்லாமல் எதையும் தொடங்கவே கூடாது.

2. நடை. "தினமும் அரை மணி நேரம் நடங்கள்" என்ற அறிவுரை சமவெளிக்காரர்களுக்குப் பொருந்தும். இங்கே வீட்டு வாசலைத் தாண்டினாலே ஏற்றம். ஆகவே தூரத்தைக் கணக்கிடாமல் பேச்சைக் கவனியுங்கள். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. அதுவே சரியான வேகம். ஏறத்தாழ 5 கிலோமீட்டர் நீளமுள்ள ஏரிச் சாலை பெரும்பாலும் மட்டமானது. அதில் ஒரு பகுதியை மட்டும் நடந்து திரும்பத் தொடங்கி, வாரந்தோறும் சிறிது நீட்டலாம். பனி விலகி வெயில் ஏறிய பிறகு செல்வது நல்லது. மழை நாளில், கைப்பிடி இல்லாத உறுதியான மர நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பில் கட்டியபடி எழுந்து உட்காரும் பயிற்சியைச் செய்யலாம். பிளாஸ்டிக் நாற்காலி நழுவும் என்பதால் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

விரலில் மாட்டி இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைச் சதவீதத்தில் காட்டும் ஆக்சிமீட்டர் கருவியை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் வாழும் நமக்கு, சமவெளியில் 98 காட்டுகிற கருவி 94, 95 என்று காட்டுவதுண்டு. விரல் குளிர்ந்திருந்தால் அதைவிடவும் குறைத்துக் காட்டும். கையைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைத்த பிறகு பாருங்கள். அப்போதும் வழக்கத்தைவிடக் குறைந்தாலோ, மூச்சுத் திணறினாலோ மருத்துவரை அழையுங்கள்.

3. மூன்று பந்துக் கருவி. மூன்று அறைகளில் மூன்று பந்துகளும் ஒரு குழாயும் கொண்ட, நுரையீரலுக்கான மூச்சுப் பயிற்சிக் கருவி (ஸ்பைரோமீட்டர்) இது. பலரும் தடுமாறும் இடம் இதுவே. மருந்துக் கடையில் வாங்கியவுடன் பலூனைப் போல ஊதத் தொடங்குகிறார்கள். இது ஊதும் கருவி அன்று, உறிஞ்சும் கருவி. நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டு, குழாயை உதடுகளால் இறுகக் கவ்வி, மெதுவாக உள்ளிழுக்க வேண்டும். மூன்று பந்துகளும் மேலே போனால் வெற்றி என்று நினைத்து வேகமாக இழுப்பது அடுத்த தடுமாற்றம். அந்தப் பந்துகள் நொடிக்கு 600, 900, 1,200 மில்லிலிட்டர் என்ற காற்றோட்ட வேகத்தையே காட்டுகின்றன. வெடுக்கென்று இழுத்தால் மூன்றும் துள்ளும், ஆனால் நுரையீரலின் அடிப்பகுதி நிறையாது. முதல் பந்தை மட்டும் எழுப்பி, இயன்றவரை அங்கேயே நிறுத்தி, பிறகு மூன்று நொடி மூச்சை அடக்கி விடுவதே பயனுள்ள முறை. ஓர் அமர்வுக்குப் பத்து மூச்சு போதும். தலை சுற்றினால் இடையில் ஓய்வெடுங்கள். அறுவைக்குப் பின் வலியால் மூச்சு மேலோட்டமாகி, சளி தங்கி நிமோனியா வரும் ஆபத்து இருப்பதால், வலி இல்லாத இப்போதே இதைப் பழகிக்கொள்வது அவசியம். தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடித்து இருமவும் கற்றுக்கொடுங்கள்.

4. உணவு. பொதுவாக உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் தேவை; 55 கிலோ எடையுள்ளவருக்கு 66 கிராமுக்குக் குறையக்கூடாது. ஒரு முட்டையிலேயே 6 கிராம் அளவுதான் இருக்கிறது என்னும்போது, கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் கொடுத்தால் பாதிகூடத் தேறாது. பால், பயறு, நம் மலைப் பட்டாணி, மீன், கோழி எல்லாம் வேளைதோறும் சேரட்டும். விலையுயர்ந்த புரதப் பொடிகளைவிட முட்டையையே நான் நம்புகிறேன். சிறுநீரக நோயாளிகள் மருத்துவரைக் கேட்டே அளவை முடிவு செய்ய வேண்டும்.

ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் முதல் வாரத்திலேயே கவனியுங்கள். இரும்புச்சத்து மாத்திரை வேலை செய்ய வாரங்கள் பிடிக்கும். குளிருக்காக அடிக்கடி குடிக்கும் தேநீர் இரும்புச்சத்தை உடலில் சேரவிடாது என்பதால், உணவுக்கும் மாத்திரைக்கும் முன்பின் ஒரு மணி நேரம் அதைத் தவிருங்கள்.

5. புகை, மது. பீடி, சிகரெட், மது எல்லாவற்றையும் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்பே நிறுத்த வேண்டும். தினமும் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் நடுக்கமும் வலிப்பும் வரக்கூடும். அதை மருத்துவரின் மேற்பார்வையில் செய்யுங்கள்.

6. பயணம். மலைப்பாதை வளைவுகளில் வாந்தி எடுத்துக் களைத்துப்போய் மருத்துவமனையில் சேருவதைத் தவிர்க்க, ஒரு நாள் முன்னதாகவே இறங்கிவிடுங்கள். மூன்று பந்துக் கருவியை மறக்காமல் பையில் வையுங்கள்.

பின்சேர்க்கை: முழங்கால் வலியுள்ளவர்கள் என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். அவர்கள் நாற்காலியில் அமர்ந்தபடியே காலை மாற்றி மாற்றி நீட்டி மடக்கலாம், கைகளில் தண்ணீர் பாட்டில்களைப் பிடித்துத் தூக்கி இறக்கலாம். குடலிறக்கம் உள்ளவர்கள் மட்டும் பாரம் தூக்கும் பயிற்சியை விட்டுவிட்டு, மூச்சுப் பயிற்சியையும் மெதுவான நடையையும் வைத்துக்கொள்ளலாமா என்று தங்கள் மருத்துவரிடம் கேட்டுத் தொடங்குங்கள்.