பாரிஸில் வெளியே சாப்பிடும்போது பில் எங்கே ஏறுகிறது

பாரிஸுக்குப் புதிதாக வந்தவர்கள் பலர் முதல் சில மாதங்கள் உணவகப் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. போனால் மாதக் காசே கரைந்துவிடும் என்ற பயம். அந்தப் பயம் பாதிதான் சரி. சாப்பாட்டின் விலை வாசலிலேயே எழுதித் தொங்கும். அதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறீர்கள். சொல்லாமல் ஏறுவது குடிக்கிற பொருட்களின் காசு. அதற்கு அடுத்தது, எந்த இடத்தில் இருந்து குடிக்கிறீர்கள், எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பவை.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். மேசையில் அமர்ந்ததும் வெயிட்டர் "ப்லாத் ஊ காஸூஸ்?" என்று கேட்பார். சாதாரணத் தண்ணீரா, காஸ் போட்டதா என்று அர்த்தம். இரண்டில் எதைச் சொன்னாலும் போத்தல்தான் வரும். 5, 6 யூரோ பில்லில் ஏறும். நீங்கள் சொல்லவேண்டியது: "யூன் கராஃப் தோ, சில் வூ ப்ளே." குழாய்த் தண்ணீர் ஒரு ஜாடியில் வரும். சாப்பாட்டோடு அது இலவசம். பாணும் அப்படித்தான், தீர்ந்துபோனால் இன்னும் கேட்கலாம். இதில் கூச்சப்பட ஒன்றுமே இல்லை. பிரெஞ்சுக்காரர்களே இதைத்தான் கேட்கிறார்கள். இலவசத் தண்ணீர் கேட்கலாம் என்பதை உணவகங்கள் எழுதி வைக்கவேண்டும் என்று 2022 ஜனவரியிலிருந்து சட்டமும் இருக்கிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். இரண்டு பேர், ஆளுக்கு 16 யூரோவில் அன்றைய சாப்பாடு: 32 யூரோ. ஒரு போத்தல் தண்ணீர் 6, இரண்டு கோலா 10, கடைசியில் பால் ஊற்றிய பெரிய கோப்பி இரண்டு 10. மொத்தம் 58. அதே மேசையில் அதே சாப்பாட்டுக்கு ஜாடித் தண்ணீரும் 2.50 யூரோ வீதம் இரண்டு கறுப்புக் கோப்பியும் எடுத்தால் 37. இடையில் போன 21 யூரோவில் ஒரு பருக்கை சோறுகூட இல்லை.

கோப்பிக்கு ஒரே கடையில் இரண்டு விலை உண்டு. கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, மேசையில் இருந்தால் இன்னொரு விலை. நின்றால் சுமார் 1.50 யூரோவுக்குக் கிடைக்கும் சின்னக் கோப்பி, தெருவோரத் தெராஸில் 3 யூரோவைத் தாண்டலாம். வாசல் பக்கத்துப் பலகையில் "கொந்த்துவார்", "சால்" என்று இரண்டு வரிசை இருக்கும். முதலாவது நிற்பவருக்கு, மற்றது இருப்பவருக்கு. கவுண்டரில் வாங்கிய கோப்பையைத் தூக்கிக்கொண்டு போய்க் கதிரையில் இருப்பதுதான் புதியவர்கள் செய்யும் பிழை. வெயிட்டர் வந்து எழுப்புவார், அல்லது மேசை விலையைப் போடுவார். "அன் கஃபே" என்றால் சின்னக் கறுப்புக் கோப்பிதான் வரும். பால் வேண்டுமானால் "நுவாஸெத்" கேளுங்கள். துளிப் பால் விட்டுத் தருவார்கள், சில சதம்தான் கூட. "கிரேம்" என்ற, பால் ஊற்றிய பெரிய கோப்பி என்றால் ஏறக்குறைய இரட்டை விலை. தேநீர் கேட்டால் சுடுதண்ணீரும் ஒரு பையும் வரும், 4, 5 யூரோ ஆகும். நம்முடைய பால் தேத்தண்ணியை அங்கே எதிர்பார்த்து ஏமாறவேண்டாம்.

பியரை வெறுமனே "பியர்" என்று கேட்காதீர்கள். "அன் தெமி" என்றால் 25 செ.லீ. அளவைச் சொல்லாவிட்டால் 50 செ.லீ. பைன்ட் வந்து நிற்கக்கூடும். மாலை 5 மணிக்கும் 8 மணிக்கும் இடையில் பல இடங்களில் ஹாப்பி அவர் உண்டு. இரவு 10 மணிக்குப் பிறகு சில கடைகளில் விலை கூடும். அதைப் பட்டியலில் எழுதியிருப்பார்கள், பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளுக்குக் கோலாவுக்குப் பதிலாக "சிரோ அ லோ" எடுத்துக்கொடுங்கள். பழச் சிரப்பில் தண்ணீர் கலந்தது, மலிவு.

நல்ல உணவகத்தில் சாப்பிட்டுப் பார்க்க ஆசையா? திங்கள் முதல் வெள்ளி வரை, மதியம் 12 மணிக்கும் 2 மணிக்கும் இடையில் போங்கள். "ஃபோர்மியூல்" என்று பலகையில் எழுதியிருப்பது இரண்டு அல்லது மூன்று வகை சேர்ந்த மதியச் சாப்பாடு. அதே சமையலறையின் இரவு விலையோடு பார்த்தால் பெரிய வித்தியாசம். "ஓந்த்ரே" முதலில் வரும் சின்ன உணவு, "ப்லா" முக்கிய உணவு. "மெனு" என்றால் இங்கே விலைப்பட்டியல் கிடையாது, நிர்ணயித்த விலையில் முழுச் சாப்பாடு. பட்டியலுக்குப் பெயர் "கார்த்". இரண்டரை மணிக்குப் பிறகு பெரும்பாலான சமையலறைகள் இரவு 7 மணி வரை மூடிவிடும். மூன்று மணிக்குப் பசியோடு அலைகிறவர் கடைசியில் சுற்றுலாப் பயணிகளுக்கான கடையில் போய் விழுவார். அந்த நேரத்துக்குப் பேக்கரிதான் கைகொடுக்கும்; சான்ட்விச்சும் பானமும் இனிப்பும் சேர்த்து 10 யூரோவுக்குள் முடிக்கலாம்.

மாடோ பன்றியோ சாப்பிடாதவர்கள் ஓடர் கொடுக்கும் முன்பே சொல்லிவிடவேண்டும். வந்த சாப்பாட்டைத் திருப்பி அனுப்பினாலும் காசு கேட்பார்கள். "ழம்போன்" பன்றி. "லார்தோன்" என்ற சின்னப் பன்றித் துண்டுகள் சலாட்டிலும் "கீஷ்" என்ற முட்டை சேர்த்துச் சுட்ட பண்டத்திலும் பருப்பிலும்கூட ஒளிந்திருக்கும். "பெஃப்" மாடு, "ஸ்தேக் தர்தார்" பச்சை மாட்டிறைச்சி. மரக்கறிக்காரர் "நி வியாந்து, நி புவாஸோன்" என்று இறைச்சி, மீன் இரண்டையும் சேர்த்தே மறுக்கவேண்டும்.

பட்டியலில் உள்ள விலைக்குள் வரியும் சேவைக் கட்டணமும் அடக்கம், அது 1987ஆம் ஆண்டு ஆணை. டிப்ஸ் உங்கள் விருப்பம். இப்போது சில கடைகளில் கார்ட் மெஷினே 5, 10, 15 வீதம் என்று கேட்கிறது; "சான் பூர்புவார்" என்பதை அழுத்தினால் போட்ட தொகை மட்டும் போகும். மிஞ்சிய சாப்பாட்டை வீட்டுக்குக் கட்டித் தரும்படி கேட்கலாம். 2021 ஜூலையிலிருந்து அதுவும் சட்டம்.

வேலை கிடைத்ததும் முதலில் "தித்ர் ரெஸ்தோரான்" என்ற சாப்பாட்டுச் சீட்டு உண்டா என்று கேளுங்கள். எல்லா முதலாளிகளும் கொடுக்கவேண்டும் என்றில்லை. கொடுத்தால் சீட்டின் பெறுமதியில் 50 முதல் 60 வீதம் வரை அவர்கள் பங்கு: 10 யூரோச் சீட்டுக்கு உங்கள் சம்பளத்தில் கழிவது 4 அல்லது 5 யூரோதான். ஒரு நாளைக்கு 25 யூரோ வரை பாவிக்கலாம். நம்மவர்கள் நிறையப் பேர் உணவகச் சமையலறைகளில் நிற்கிறார்கள். அங்கே சாப்பாட்டு நேரத்தில் வேலையில் இருப்பவருக்குச் சாப்பாடு அல்லது அதற்கான காசு கொடுக்கவேண்டியது முதலாளியின் கடமை. சம்பளத் தாளில் அது எழுதியிருக்கிறதா என்று மாதம்தோறும் பாருங்கள். இல்லையென்றால் வாய் திறந்து கேளுங்கள். உதவித்தொகை பெறும் மாணவருக்குப் பல்கலைக்கழக உணவகத்தில் ஒரு நேரச் சாப்பாடு 1 யூரோ.

ஊர்ச் சாப்பாட்டுக்குத் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் பகுதி இருக்கிறது. கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கி ஃபோபூர் சாந்தெனி வீதி வழியாக மேலே நடந்தால் லாச்சப்பல் மெற்றோ வரை தோசை, கொத்துரொட்டி, றோல்ஸ், பால் தேத்தண்ணி எல்லாம் வரும். பக்கத்து ரூ காய் வீதியையும் விட்டுவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை போவதானால் கையில் காசும் கொண்டுபோங்கள். சின்னக் கடைகளில் குறிப்பிட்ட தொகைக்குக் கீழே கார்ட் எடுக்கமாட்டார்கள். முதலாளி தனியாக அனுமதித்திருந்தால் தவிர, தித்ர் ரெஸ்தோரான் கார்டும் ஞாயிறன்று வேலை செய்யாது.