டர்போவை மாட்டுவதற்கு முன், ஆயில் போகிறதா பாருங்கள்

ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவும் முக்கி முனகி ஏறிவிட்டு, ஏரிக்கரையில் நிறுத்தியதுமே சாவியைத் திருப்பி அணைத்துவிடுகிறார்கள். புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கிற பாகம்தான் டர்போ. அதற்குள் நின்றுபோன ஆயில் அந்தச் சூட்டில் வெந்து கரியாகி, ஆயில் வழியை அடைக்கிறது. சேலம் கோரிமேட்டில் என் பட்டறைக்கு வரும் பல டீசல் வண்டிகளின் கதை இதுதான். ஒரு நிமிஷம் ஐடிலில் விட்டால் என்ன குறைந்துவிடும்?

டர்போ போச்சென்று புதுசு வாங்கியாச்சா? அவசரப்படாதீர்கள். இன்ஜின் ஆறியதும் டர்போவுக்கு ஆயில் வரும் குழாயின் பேஞ்சோ போல்ட்டை (உள்ளே ஆயில் போகத் துளையுள்ள போல்ட்) கழற்றி வெளிச்சத்தில் பிடியுங்கள். சில வண்டிகளில் அதற்குள் பொடிசாக ஒரு சல்லடை இருக்கும். ரசத்து அடிமண்டி மாதிரி கருப்பாகப் படிந்திருந்தால் வில்லங்கம் அங்கேதான். கழுவி ஊதினால் போதும் என்பார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒட்டியிருக்கும் கரி பிற்பாடு பெயர்ந்து வரும். குழாய், போல்ட், செப்பு வாஷர் மூன்றையும் மாற்றுங்கள்.

கேஸ்கெட்டில் சிலிக்கான் பசை வேண்டவே வேண்டாம். ஒருமுறை நானே தடவினேன். பிதுங்கிய பசை துவாரத்தை அடைத்து, புது டர்போ ஒரே வாரத்தில் காலி. தண்டம் என் கைக்காசு.

டர்போவிலிருந்து ஆயில் திரும்பும் குழாய் நசுங்கியிருந்தால் சீல் வழியாக ஆயில் கசிந்து நீலப்புகை வரும். அதையும் பாருங்கள்.

ஆயில் வரும் குழாயை டர்போவில் பூட்டுமுன் நுனியில் ஒரு கேனைப் பிடித்து, இன்ஜின் பற்றாதபடி ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றுங்கள். ஆயில் தாராளமாக விழ வேண்டும். டர்போவின் ஆயில் துளையிலும் புது ஆயில் ஊற்றி, தண்டைக் கையால் சுற்றிவிட்டு மாட்டுங்கள். முதல் ஸ்டார்ட்டில் ஆக்சிலேட்டரைத் தொடாதீர்கள்; நிமிஷத்துக்கு லட்சம் சுற்றைத் தாண்டுகிற தண்டு அது.