வெறும் மரப்பிடியா, தேனீ வைத்த பிடியா?

என் மேசை லாச்சிக்குள் இரண்டு பிரெஞ்சு மடக்குக் கத்திகள் கிடக்கின்றன. ஒன்று பீச் மரப்பிடி போட்ட ஒப்பினல், 8ஆம் நம்பர். கடையில் பதினைந்து யூரோ அளவில் வரும். மற்றது கொம்புப்பிடி லயோல். முதுகில் அரம் போட்ட வேலைப்பாடு, அலகை இறுக்கிப் பிடிக்கும் வில்லின் (ஸ்பிரிங்) நுனியில் ஒரு தேனீ. அதன் விலையை வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

பிரான்சில் க்ளெர்மோன்-ஃபெரோன் நகரத்து உணவகக் குசினி ஒன்றில் பன்னிரண்டு வருடம் வெங்காயம் வெட்டியவன் நான். கத்திக்குப் பேர்போன தியேர் நகரம் அங்கிருந்து நாற்பது கிலோமீற்றர்தான். லீவு நாளில் பொழுது போகாவிட்டால் அந்த ஏற்றத் தெருக்களில் கடை கடையாக ஏறி இறங்குவேன். அதனால் நம் ஆட்கள் யாருக்காவது பிரெஞ்சு மடக்குக் கத்தி வாங்கும் ஆசை வந்தால் என்னைத்தான் கேட்பார்கள். சாதாரணமானதா, அலங்காரமானதா?

நான் திருப்பிக் கேட்பது இரண்டு கேள்வி. எதை வெட்டப் போகிறீர்கள்? யார் கழுவப் போகிறார்கள்?

இரண்டாவதைக் கேட்டதும் சிரிப்பார்கள். ஆனால் என் முதல் கொம்புப்பிடிக் கத்தியைக் கொன்றது பாத்திரம் கழுவும் மெஷின். விருந்து முடிந்த இரவு யாரோ கரண்டிகளோடு சேர்த்துப் போட்டுவிட்டார்கள். கொம்பும் நம் நகம் மாதிரித்தான். சுடுநீரில் ஊறும், காயும்போது வளையும். காலையில் எடுத்துப் பார்த்தால் பிடியின் ஒரு பக்கம் உலோகத் தகட்டை விட்டு ஒரு மயிரிழை எழும்பி நிற்கிறது. ஆணி இறங்கிய இடத்தில் வெடிப்பு. அதற்குப் பிறகு அது ஒட்டவே இல்லை. உங்கள் வீட்டிலும் கையில் கிடைத்ததையெல்லாம் மெஷினில் போடுகிறவர்கள் இருந்தால், கொம்பை மறந்துவிடுங்கள். மரப்பிடிக்கும் மெஷின் ஆகாதுதான். ஆனால் ஒப்பினல் செத்தால் இன்னொன்று வாங்கலாம்.

வெறும் கத்தியை முதலில் பார்ப்போம். ஆல்ப்ஸ் மலையடியில், சவோவாப் பக்கம், ஜோசப் ஒப்பினல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்தி இது. 1897இல் 1 முதல் 12 வரை நம்பர் போட்டுப் பன்னிரண்டு அளவு வந்தது. 1ஐயும் 11ஐயும் பின்னால் நிறுத்திவிட்டார்கள். 8ஆம் நம்பரின் அலகு எட்டரை சென்ரிமீற்றர். அப்பிள், பாண், சீஸ், தக்காளி எல்லாவற்றுக்கும் போதும். கை சிறியது என்றால் 6 எடுங்கள், ஏழு சென்ரிமீற்றர். 12ஐப் பார்த்து ஆசைப்படாதீர்கள். அது சட்டைப்பைக்கு ஆகாது.

இந்தக் கத்தியில் மொத்தம் ஐந்து துண்டுதான்: அலகு, பிடி, அச்சாணி, அசையாத பூண், திருகும் பூண். அந்தத் திருகும் பூண் 1955இல் வந்தது. திருகிவிட்டால் அலகு உங்கள் விரல் மேல் மடங்காது. தேனீக் கத்தியில் இந்தப் பூட்டு இல்லை. வில்லின் விறைப்பு மட்டும்தான் அலகைப் பிடித்து நிற்கிறது. ஊரில் வில்லுக்கத்தி என்போமே, அந்த வகை. கட்டிப்பட்ட பழைய சீஸில் நுனியைக் குத்தித் திருப்புகிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், பூண் உள்ளதையே எடுங்கள்.

ஒப்பினலில் கார்பன் இரும்பும் உண்டு, கறள் பிடிக்காத இனொக்ஸும் உண்டு. என்னுடையது கார்பன். முதல் தேசிக்காய் வெட்டிய அன்றே அலகு சாம்பல் நிறமாகிவிட்டது. இப்போது நீலமும் கறுப்புமாக மழை மேகம் மாதிரி இருக்கிறது. அது அழுக்கு இல்லை, அப்படியே விடலாம். செம்மஞ்சள் பொட்டு தெரிந்தால்தான் கறள். வெட்டி முடிந்ததும் துணியால் துடைக்கிற ஆள் என்றால் கார்பன் எடுங்கள். கூர் போட்டாலும் சாணைக்கல்லில் நாலு இழுப்பில் வந்துவிடும். புளிப்பு அதிகம் வெட்டுவீர்கள், துடைக்கவும் மறப்பீர்கள் என்றால் இனொக்ஸ். சாதாரணக் கத்திக்கும் ஒரு குணக்கேடு இருக்கிறது. ஈரத்தில் பீச் மரம் ஊதி அலகை இறுக்கிக்கொள்ளும், நகத்தால் இழுத்தால் வராது. பிடியின் அடிப்பக்கத்தை மேசை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டினால் அலகு தானாகத் தலையை நீட்டும். சவோவாக்காரர் தட்டு என்று இதற்கு இங்கே பெயரே உண்டு.

அப்புறம் அலங்காரம். அது எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒப்பினலிலேயே மான், முயல் செதுக்கிய பிடிகள் விற்கிறார்கள். கத்தி அதே கத்தி, மேல்காசு படத்துக்கு. பிடித்திருந்தால் கொடுங்கள், குற்றமில்லை. தோர்தோஞ் பக்கத்து நோன்த்ரோன் கத்தியில் மஞ்சள் நிற பாக்ஸ் மரப்பிடியில் சூட்டுக்கோலால் சுட்ட சிறு குறிகள் இருக்கும். அது எனக்குப் பிடிக்கும். கையில் உறுத்தாது, அதிலும் திருகும் பூண் உண்டு. தியேரில் 1929இல் பிறந்த டூக்-டூக் இன்னொரு வகை. பிடி மடித்த இரும்புத் தகடு, அதில் பசிபிக் தீவுப் பகுதியான மெலனேசியாவின் ஒரு பூதத்தின் உருவம். அலங்காரக் கத்தி மலிவாக வேண்டுமென்றால் அதுதான். ஆனால் மழைக்காலக் காலையில் அந்தத் தகட்டைப் பிடித்தால் விரல் விறைக்கும்.

லயோல் வேறு கதை. எழுத்தைப் பார்த்து லகியோல் என்று வாசிப்பீர்கள். ஊர்க்காரர் லயோல் என்பார்கள். அவேரோன் மாவட்டத்தில், ஒப்ராக் மேட்டுநிலத்தில் உள்ள ஊர், மாடும் சீஸும் நிறைந்த இடம். சில கத்திகளில் கூரான ஒரு தமரூசியும் இருக்கும். வயிறு ஊதிய மாட்டுக்குக் குத்திக் காற்றை வெளியேற்ற வைத்தது. வைன் தக்கை திருகி அதற்குப் பின்னால் வந்தது. அந்த ஊர்ச் சனம் பிழைப்புக்காகப் பாரிசுக்குப் போய்க் கஃபேக்களில் வேலைக்குச் சேர்ந்தார்கள், அங்கே போத்தல் திறக்க வேண்டுமே. குசினியில் நின்று இதைக் கேட்டபோது, அட, நம்ம கதை என்று நினைத்தேன்.

தேனீயை நெப்போலியன் கொடுத்தான் என்று கடைக்காரர் சொன்னால் தலையாட்டிவிட்டு விலையைப் பேசுங்கள்; அது கட்டுக்கதை. வில்லின் தட்டையான அந்த நுனிக்குத் தொழிலில் மூஷ், அதாவது ஈ என்று பெயர். பிடியில் ஆணித் தலைகளால் போட்ட சிலுவையை இடையன் சிலுவை என்பார்கள். மேய்ச்சலில் கத்தியை நிலத்தில் குத்தி நிறுத்திச் செபம் செய்வார்களாம்.

வாங்கும்போது அலகில் லயோல் என்ற பெயர் இருப்பதை மட்டும் நம்பக் கூடாது. எங்கெங்கோ செய்த கத்திகளிலும் அதே பெயர் வருகிறது. சுற்றுலாக் கடை ஒன்றில் முப்பது யூரோவுக்கு வாங்கிய என் கத்தியின் தேனீ மூன்றாம் மாதம் கழன்று சூப்புக்குள் விழுந்தது. நல்லது நூறு யூரோவுக்கு மேல்தான் வரும். கடையில் இப்படிப் பாருங்கள். மூடிய கத்தியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து உள்ளே பாருங்கள். அலகு இரண்டு தகட்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் வேண்டாம். பிடியும் உலோகமும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டுங்கள், நகம் மாட்டக் கூடாது. திறந்து அலகை இடம் வலமாக ஆட்டுங்கள், அசையக் கூடாது. பிறகு தேனீயின் கழுத்தைப் பக்கவாட்டில் பாருங்கள். வில்லும் தேனீயும் ஒரே இரும்பில் அடித்ததென்றால் கோடு தெரியாது. ஒட்டுவைத்ததென்றால் பெரும்பாலும் மெல்லிய கோடு ஒன்று தெரியும். ஒட்டுவைத்தது எல்லாம் மோசமில்லை, ஆனால் அதற்கு ஒரே இரும்பின் விலையைக் கொடுக்காதீர்கள். முதுகு வேலைப்பாட்டிலும் கையால் அராவியது கொஞ்சம் கோணும், இரண்டு பக்கமும் அச்சடித்த மாதிரி இருக்காது. அந்தக் கோணலுக்குத்தான் நான் காசு கொடுத்தேன்.

வாங்கிய பிறகு, மூடும்போது அலகைப் படாரென்று விடாதீர்கள். பல கத்திகளில் கூர் உள்ளே வில்லில் இடித்து மழுங்கும். விரலால் பிடித்து இறக்க வேண்டும். முதுகுப் பள்ளங்களில் சீஸ் அடையும், அதற்குப் பழைய பற்தூரிகை ஒன்று வையுங்கள். இந்த வேலை சலிப்பென்றால் அலங்காரக் கத்தி உங்களுக்கு இல்லை. எனக்கு ஞாயிறு மாலையில் இது பிடிக்கும். மனைவிக்கு நான் கத்தியோடு பேசுகிறேன் என்று எண்ணம்.

முதல் கத்தி என்றால் ஒப்பினலையே எடுங்கள். ஒரு வருடம் பாவித்தால் அலகு நீளமா, பிடி மொத்தமா, துடைக்கிற பழக்கம் வருகிறதா என்று கையே காட்டித்தரும். அதன் பிறகு தேனீக்குக் காசு சேர்க்கலாம். தினமும் கத்தி எடுக்காதவர், சாப்பாட்டு மேசையில் வைத்து அழகு பார்க்கிறவர் என்றால் நேரே லயோலுக்குப் போங்கள். ஆனால் எதுவானாலும் பிரான்சில் தக்க காரணம் இல்லாமல் பையில் கொண்டுதிரிவது சட்டப்படி குற்றம். சாப்பாட்டுக் கூடைக்குள் மடித்து வையுங்கள். விமானத்தில் கைப்பையில் வேண்டாம், பெட்டிக்குள் போடுங்கள்.

பரிசாகக் கொடுப்பதென்றால் இன்னொன்று. கத்தி நட்பை வெட்டிவிடும் என்று இங்கே ஒரு நம்பிக்கை. அதனால் வாங்குகிறவர் பதிலுக்கு ஒரு சில்லறைக் காசு கொடுக்க வேண்டும். எங்கள் செஃப் வேலையை விட்டுப் போன அன்று தன் ஒப்பினலை என் கையில் வைத்துவிட்டு உள்ளங்கையை நீட்டினார். என்னிடம் இருந்தது ஒரே ஒரு இரண்டு யூரோக் குத்தி. மிச்சம் தருவார் என்று நின்றேன். தரவில்லை.