விறைத்து நின்ற உடைகளும் சார்ஜென்ட்டின் வெண்பட்டும்

எண்ணெய் வண்ணத்தில் நான் தீட்டும் முகங்கள் ஓரளவு தேறிவிடும். உடைகள்தாம் சுண்ணாம்பில் வார்த்தவைபோல் விறைத்து நிற்கும். இதைச் சரிசெய்ய அமெரிக்க ஓவியர் ஜான் சிங்கர் சார்ஜென்ட் 1892-இல் தீட்டிய ‘லேடி அக்னியூ’ என்ற பெண்ணுருவ ஓவியத்தின் பெரிய அச்சுப்படியை எதிரே வைத்துப் பார்த்து வரைந்தேன். மூல ஓவியம் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் இருக்கிறது.

முகத்தைச் சுருக்கமாக முடித்துவிட்டு வெண்பட்டு உடைக்குப் போனேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தால் அந்த உடையில் வெள்ளை மிகக் குறைவு! பெரும்பகுதி சாம்பலும் இளம் ஊதாவும்தான்; பளிச்சென்ற வெண்மை மடிப்புகளின் முகட்டில் மட்டும். எனவே நிழல், இடைநிறம், ஒளி மூன்றையும் முன்கூட்டியே தட்டில் தாராளமாகக் கலந்துவைத்தேன். ஒரு அங்குல அகலமுள்ள தட்டைத் தூரிகையை, காம்பின் நுனியில் பிடித்தேன். ஒரே இழுப்பு; உடனே கையை எடுத்துவிட வேண்டும். பொருந்தாத தீற்றலின் மேல் மீண்டும் தடவினால் ஈர வண்ணங்கள் கலந்து சேறாகும். கத்தியால் சுரண்டிவிட்டுப் புதிதாக இழுப்பதே வழி. சார்ஜென்ட்டும் சுரண்டிச் சுரண்டித் தீட்டியவர்தான். அவருடைய தளர்வான தீற்றல்களை அவசரத்தின் விளைவு என்று நினைப்பவர்களோடு என்னால் ஒத்துப்போக முடியாது. அவரே 1879-இல் மாட்ரிட்டில் ஸ்பானிய ஓவியர் வெலாஸ்கெஸின் ஓவியங்களையும், மறு ஆண்டு நெதர்லாந்தின் ஹார்லெமில் டச்சு ஓவியர் ஃபிரான்ஸ் ஹால்ஸின் ஓவியங்களையும் படியெடுத்துப் பழகியவர்.

இப்போது ஆளை நேரில் அமர்த்தித் தீட்டும்போதும் உடை நெகிழ்ந்து விழுகிறது. நிழலோடு கரைய வேண்டிய ஓரங்களுக்கு மட்டும், வண்ணம் தொடாத உலர்ந்த தூரிகையால் ஒருமுறை மெல்ல வருடிவிடுகிறேன்.